பெட்டிக்குப் பூசிய மஞ்சள்

1

நேற்று மத்தியானம் எங்கள் வேலையிடத்தில் ஒரு இரும்புப் பெட்டிக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்கள். பொய் இல்லை. பழைய சுரங்கம் ஒன்றின் அடியில், பாறையில் போட்ட குழிக்குள் அந்தப் பெட்டியை இறக்கி ஒரு வருசம் ஆகிறது. பெட்டி கீழே குழியில் கிடக்கிறது, மேலே சாப்பாட்டு அறையில் அதற்குக் கேக் வெட்டுகிறார்கள். எங்கள் பட்டறைத் தலைவர் முசியே பெர்னார் ஒரு துண்டை என் தட்டில் வைத்து, எல்லார் காதிலும் விழும்படி, "தனகோட்டி, தைரியமாகச் சாப்பிடு. இதில் சஃப்ரான் போடவில்லை" என்றார். சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது. நானும்தான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய?

அந்த சஃப்ரான் கதையை விழுப்புரத்தில் ஒரு விதமாகவும் திண்டிவனத்தில் வேறு விதமாகவும் பேசுகிறார்களாம். ஒரு கதையில் எனக்கு ராத்திரியில் உடம்பு பச்சையாக மின்னுகிறதாம். இன்னொன்றில் நான் பிரான்சு தேசத்தில் அணுகுண்டுக்குப் பூசை போடுகிற குருக்களாம். ஆகையால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். அங்காளம்மன் சாட்சியாக, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

2

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டிவனத்துக்குக் கிழக்கே, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைகிற ஒரு கிராமம் எனக்கு. எட்டாவது வரை படித்தேன். பிறகு திண்டிவனத்தில் கிணற்றுக்குள் போர் போட்டு மோட்டார் இறக்குகிற ஒருவரிடம் சேர்ந்தேன், லேத்தும் பழகினேன். புதுச்சேரியில் பெண் எடுத்தேன். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் அவர் மகள் ரஞ்சிதத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு, அவளைக் கட்டியதால் எனக்கும் வந்தது. மற்றவனுக்குப் பெண்ணோடு பித்தளைப் பாத்திரம் வரும். எனக்கு ஒரு தேசமே வந்தது. மாமனார் கொஞ்சம் பிரெஞ்சும் சொல்லிக் கொடுத்துத்தான் விமானம் ஏற்றினார். அவர் சொல்லிக் கொடுத்ததில் ஒரே ஒரு வார்த்தைதான் தகராறு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

வேலை என்ன என்று கேட்பீர்கள். அணு உலையில் எரிந்து முடிந்த சாமான் இருக்கிறதே, அந்தக் குப்பை லேசில் ஆறாது. லட்சம் வருசம் ஆனாலும் கிட்டே போகக்கூடாதாம். அதைப் பெட்டியில் அடைத்து, ஆழத்தில் பாறைக்குள் குழி போட்டு இறக்கி, சுற்றிலும் ஒரு தினுசான களிமண் கட்டிகளை அடுக்கி மூடிவிடலாம் என்று யோசிக்கிறார்கள். தண்ணீர் பட்டால் அந்தக் களிமண் ஊதிப்போய்ச் சந்துபொந்தை எல்லாம் அடைத்துக்கொள்ளும். பெட்டியை இறக்குகிற யந்திரம்தான் எங்கள் பட்டறையின் பொறுப்பு. இதுவரை நிஜக் குப்பை ஒரு சிட்டிகைகூட இறக்கவில்லை, எல்லாம் ஒத்திகைதான். பெட்டிக்குள் குப்பைக்குப் பதிலாக, கரண்டு இஸ்திரிப் பெட்டியில் இருப்பதுபோல ஒரு சூடு கம்பி வைத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டைப் பாறையும் களிமண்ணும் எப்படித் தாங்குகின்றன என்று பார்ப்பார்கள்.

அந்த யந்திரத்தில் நான் செய்தது கவ்வி. பெட்டியின் தலையை மூன்று விரலால் பிடித்து, குழியின் அடி வரை கொண்டுபோய், அங்கே விட வேண்டும். பிடிப்பது எனக்குச் சுலபம். விடுவதுதான் கஷ்டம். திண்டிவனத்தில் குழாயைக் கவ்வியிருக்கும் கிளாம்பு விட்டுவிட்டால் மோட்டார் போருக்குள் போய்விடும். அன்றைக்கு முதலாளி நம் ஏழு தலைமுறையையும் தெருவுக்கு இழுப்பார். அந்தப் பயத்தில் நான் முதலில் செய்த கவ்வி பெட்டியை விடவே மாட்டேன் என்றது. பெர்னார் தலையைச் சொறிந்தார்.

"என்னப்பா, இது நாய் எலும்பைப் பிடித்த மாதிரிப் பிடிக்கிறதே?"

"விட்டா திட்டுவாங்க முசியே."

"இங்கே விடாவிட்டால்தான் திட்டுவேன்."

இன்னொரு நாள் சாப்பிடும்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பத்தாயிரம் வருசம் கழித்து ஒருவன் வந்தால், இங்கே தோண்டாதே என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? நம் பாஷை அவனுக்குப் புரியாது. கல் நட்டுக் குறி போட்டால் என்ன?

"தனகோட்டி, உங்கள் ஊரில் அப்படி ஒரு கல் நட்டால் என்ன செய்வார்கள்?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் சும்மா இருப்பாங்க முசியே. வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிடுவாங்க. அடுத்த வருசம் திருவிழா. பந்தக்கால் நடுறதுக்கு அங்கேயே தோண்டுவாங்க."

அவர் சிரிக்கவில்லை. "கல்லுக்கு சஃப்ரான் பூசுவார்களா? அவ்வளவு பணக்கார ஊரா?" என்று ஆச்சரியப்பட்டார். மஞ்சளுக்குப் பிரெஞ்சில் சஃப்ரான் என்றுதான் மாமனார் சொல்லிக் கொடுத்திருந்தார். நானும் அப்படித்தான் சொன்னேன். அவர் ஏன் வாயைப் பிளந்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

3

என் தங்கச்சி செல்வியை விழுப்புரத்தில் கொடுத்திருக்கிறோம். மச்சான் கோவிந்தன் ரயில்வே ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். அவர்கள் மகள் அமுதாவுக்கு மூன்று வயது முடிந்தும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், மாமனோ இங்கே இருக்கிறான். ஒரு தடவை எனக்கு லீவு கிடைக்கவில்லை. இன்னொரு தடவை என் மகள் சுமதிக்கு அம்மை போட்டிருந்தது. இரண்டு தடவையும் தேதி தள்ளிப்போனது.

மூன்றாம் தடவை, ஸ்டேஷன் எதிரே இருக்கும் அரிசி மண்டிக்கு போன் போட்டு மச்சானைக் கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டது நான், காசு போவது எனக்கு, திட்டியது அவர்.

"மச்சான், வர்ற அமாவாசைக்கு மேல்மலையனூர்ல மொட்டை அடிச்சிக் காது குத்தறோம். நீ வந்தா உன் மடி. வரலைன்னா என் பங்காளி மடியில உட்கார வச்சிக்கினு குத்திடுவேன். அப்புறம் பேசக்கூடாது."

"யோவ், தாய்மாமன் நான் உசிரோட இருக்கசொல்ல பங்காளி மடியா?"

"உசிரோட இருக்கிறவன் வந்து காட்டுய்யா! மண்டிக்காரரு மொறைக்கிறாரு, ஜல்தியா சொல்லு. வர்றியா, இல்லியா?"

பின்னாலிருந்து செல்வி குரல் கேட்டது. "ண்ணா, வந்துடு ண்ணா. இந்த ஆளு சொன்னா செஞ்சிடும்."

வருகிறேன் என்று அம்மன் மேல் சத்தியம் பண்ணினேன். லீவு எழுதிக் கொடுத்தேன், டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. பெட்டியை இறக்குகிற ஒத்திகை என் விமானத்துக்கு இரண்டு நாள் முன்னால் இருந்தது. கவ்வியை ஓட்டுவது நான்தான். இறக்கிவிட்டுக் கிளம்ப வேண்டியது, அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

4

எங்கள் சுரங்க வாசலில் ஒரு மாடம் உண்டு. அதில் சுரங்கக்காரர்களுக்குக் காவலாக ஒரு புனித அம்மா நிற்கிறாள். இந்த ஊர்க்காரர்கள் உள்ளே போகும்போது அவளைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். நானும் தினம் அவளுக்கு ஒரு கும்பிடு போடுவேன். எந்த ஊரில் இருந்தால் என்ன, அம்மா அம்மாதானே.

அவர்களுக்கு அது இருக்கும்போது எனக்கு மட்டும் இல்லாமல் போகுமா? திண்டிவனத்தில் புது மோட்டார் இறக்கும்போது அதைத் தொங்கவிடுகிற இரும்பு முக்காலிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, கற்பூரம் காட்டாமல் சங்கிலியைத் தொடமாட்டோம். இங்கே கற்பூரம் ஏற்றினால் அலறுகிற மணி இருக்கிறது. பழம் நறுக்கினால் புளிப்புச் சாறு குழிக்குள் போகும், அது இரும்புக்கு ஆகாது என்று எனக்கே தெரியும். குங்குமம் வைத்தால், செங்குறி போட்டது யார், எதற்கு என்று கேள்வி வரும். கடைசியில் மிஞ்சியது மஞ்சள்தான். ஒத்திகை அன்று காலை, மலையனூர் பிரசாதத்தோடு வந்ததில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் குழைத்து, கவ்வியின் தோளில் ஒரு பொட்டு வைத்தேன். "தாயே, பிடிக்கிற இடத்துல பிடிக்கணும், விடுற இடத்துல விடணும்." வேண்டுதல் அவ்வளவுதான்.

நான் மறந்தது ஒன்று. பூமிக்கு அடியில் பாறை எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும். பெட்டி பாதிக் குழி போவதற்குள் சொட்டுத் தண்ணீர் என் பொட்டைக் கரைத்துப் பெட்டியின் தலையில் மஞ்சளாக வழியவிட்டது. பக்கத்தில் நின்று பெட்டி இறங்குகிற ஆழத்தை அளந்துகொண்டிருந்த அம்மா அதைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். "நிறுத்து!"

அது முன்னே யுரேனியம் எடுத்த சுரங்கம். யுரேனியத்தைக் கல்லிலிருந்து பிரித்தால் கிடைப்பது என்ன தெரியுமா? மஞ்சள் பொடி. அச்சு அசல் நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பது மாதிரியே இருக்கும். போதாக்குறைக்கு அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ரஷ்யாவில் உலை வெடித்து, இந்த நாட்டில் கீரை வாங்கக்கூட யோசித்துக்கொண்டிருந்தார்கள். கேட்க வேண்டுமா? பெட்டியை அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு எல்லாரையும் மேலே கிளப்பினார்கள். அணுக்கதிர் இருந்தால் டிக் டிக் என்று சத்தம் போடுகிற கருவியைக் காட்டிப் பார்த்தார்கள். அந்தச் சுரங்கத்தில் அதை எதற்குக் காட்டினாலும் டிக் டிக் என்றுதான் சொல்லும், என் பூட்சுக்குக்கூட. அதனால் ஒன்றும் விளங்கவில்லை.

நான் அப்போதே கையைத் தூக்கிவிட்டேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

"முசியே, அது நான் வச்சது. சஃப்ரான்."

பெர்னார் என் விரலைத் தூரத்தில் நின்றே முகர்ந்தார். "இது சஃப்ரான் இல்லை. சஃப்ரான் என்பது பூவில் எடுக்கிற சிவப்பு நூல். பொன் விலை விற்கிறது. அதை யாராவது யந்திரத்துக்குப் பூசுவானா?"

"எங்க வீட்டுல டப்பா டப்பாவா இருக்கு முசியே. எங்க ஊர்ல மூட்டையில விப்பாங்க. பொம்பளைங்க மூஞ்சிக்குப் பூசிக் குளிப்பாங்க."

"சஃப்ரானைப் பூசியா குளிப்பார்கள்?"

நான் பேசப்பேசப் பொய் மாதிரியே ஆனது. சுவரில் பூத்த யுரேனியத்தைத் தெரியாமல் தொட்டுவிட்டு மறைக்கிறான் என்று முடிவு கட்டுவது அவர் முகத்திலேயே தெரிந்தது. எனக்குப் பேஜாராகிவிட்டது. பேச்சில் நம்பவில்லை என்றால் செய்து காட்டுவோம் என்று, விரலில் ஒட்டியிருந்ததை அவர்கள் கண் முன்னாலேயே நக்கிவிட்டேன்.

அப்படி ஒரு கூச்சலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

5

மூன்று தடவை குளிப்பாட்டினார்கள். சோப்பு, தண்ணீர், துடைப்பு, கருவி, மறுபடி சோப்பு. கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட என்னை இவ்வளவு தேய்க்கவில்லை. பிறகு ஒரு வெள்ளை அறையில் உட்கார வைத்தார்கள். பரிசோதனை லாப்பிலிருந்து முடிவு வருகிற வரைக்கும் வெளியே விடமாட்டார்களாம். எப்போது வரும் என்று கேட்டேன். இன்றைக்கு வரலாம், அடுத்த வாரமும் வரலாம் என்றார்கள். எனக்கு அமாவாசை கண்ணுக்குள் வந்து நின்றது.

காவலில் இருந்தவர் நல்ல மனிதர், ஆனால் சட்டம் தாண்டமாட்டார். பட்ட பொருள் எது என்று எழுத அவருக்கு மூன்று கட்டம் கொடுத்திருந்தார்கள்: திரவம், தூசி, தெரியாதது. "சமையல் சாமான்" என்று நாலாவது கட்டம் போடச் சொன்னேன். மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றார்.

ரஞ்சிதத்துக்குச் சேதி போனது. அவள் செய்த முதல் வேலை, அரிசி மண்டிக்கு போன் போட்டு, "அவரை அணு ரூமுல வச்சிருக்காங்க" என்று சொன்னதுதான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அதன் பலனை நான் பிறகு அனுபவித்தேன். இரண்டாவது வேலையாக, ஒரு தட்டு, மஞ்சள் டப்பா, வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பு, இவற்றோடு சுமதியையும் கூட்டிக்கொண்டு சுரங்கத்துக்கே வந்துவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளும் காவல்காரரும், இந்தப் பக்கம் நான்.

"என்னங்க, இவங்களுக்கு வாயால சொன்னா புரியாது. நீங்க பேசாம இருங்க."

தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கரைத்தாள். "பாருங்க, மஞ்சள்." காவல்காரர் தலையாட்டினார். "இப்ப இதைப் பாருங்க" என்று சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கினாள். நம் வீட்டில் ஆரத்தி கரைக்கிற மாதிரி. தட்டு முழுக்க ரத்தச் சிவப்பாக மாறியது.

காவல்காரர் நாற்காலியோடு பின்னால் விழுந்தார். எழுந்ததும் மணியை அடித்தார். ஐந்து நிமிடத்தில் ரஞ்சிதத்தையும் குளிப்பாட்டக் கூட்டிப் போனார்கள். "தலைக்கு ஊத்தாதீங்கடி, எனக்குச் சளி!" என்று அவள் தமிழில் கத்திக்கொண்டே போனது இன்னும் என் காதில் இருக்கிறது.

மிஞ்சியது சுமதி. எட்டு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பெண். தயிர்சோறு டப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போக மாட்டாள். பெயரைக்கூட 'சுமா' என்று சுருக்கிவிட்டாள். இவள் நம் கையை விட்டுப் போகிறாளே என்று அம்மனிடம் நான் முறையிடாத நாள் இல்லை. அவள் காவல்காரரை நிமிர்ந்து பார்த்து, வெட்கத்தில் முகம் சிவந்து சொன்னாள்:

"முசியே, அது சஃப்ரான் இல்லை, கியுர்கியுமா. எங்கள் அப்பா எப்போதும் தப்பாகத்தான் சொல்லுவார்."

அவ்வளவுதான் விஷயம். மஞ்சளுக்கு இந்த ஊரில் கியுர்கியுமா என்று பெயராம், சஃப்ரான் என்றால் குங்குமப்பூவாம். மாமனாருக்கும் பட்டாளத்துக்கும் அது தெரியாமல் போயிருக்கிறது. லாப்பில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் மஞ்சள் தோய்த்த காகிதத்தில் சுண்ணாம்பு மாதிரி ஒரு கார நீர் விட்டுச் சிவக்கிறதா என்று தானே சோதித்திருக்கிறாளாம். பெட்டியில் வழிந்ததைத் துடைத்து வந்து ஒரு சொட்டு விட்டாள். சிவந்தது. ரஞ்சிதத்தை ஈரத் தலையோடு வெளியே விட்டார்கள்.

"ஏம்பா, நீ என்கிட்டக் கேட்டுட்டுப் பேசக்கூடாதா?" என்றாள் சுமதி, அதிசயமாகத் தமிழில்.

6

இந்தக் கூத்தில் மறுநாள் ஆகிவிட்டது, விமானத்தைப் பிடிக்கப் போகிற ரயிலுக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. நான் பையைத் தேடிக்கொண்டிருக்கும்போது பெர்னார் வழியை மறித்தார். "பெட்டி பாதியில் தொங்குகிறது. உன் கவ்வி வேறு யார் பேச்சையும் கேட்காது. இறக்கிவிட்டுப் போ."

மறுபடி கீழே போனேன். பெட்டி அடியைத் தொட்டது. விடுகிற பிடியைத் திருப்ப வேண்டும். கை மாட்டேன் என்றது. திண்டிவனத்து வளர்ப்பு அப்படி. விட்டால் மோட்டார் போச்சு, மானம் போச்சு. "தாயே" என்று கண்ணை மூடித் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம், மூன்று விரலும் ஒன்றாக விரிந்தன, கவ்வி வெறுங்கையோடு மேலே வந்தது. பெர்னார் கை தட்டினார். பிறகு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு என் சட்டைப் பையில் செருகினார். எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை என்று அத்தாட்சி. ஊரில் தேவைப்படும் என்றார். அந்த ஆளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ.

அமாவாசை காலை மேல்மலையனூரில் போய் இறங்கினேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு மண்டபத்துக்குப் போனால், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அமுதா நிற்கிறாள். ஆசாரி ஊசியைத் தயாராக வைத்திருக்கிறார். பாயில், புது வேட்டி கட்டிக்கொண்டு, மடியை விரித்து, மச்சானின் பங்காளி உட்கார்ந்திருக்கிறார்.

"நிறுத்து மச்சான்! நான் வந்துட்டேன்!"

மச்சான் கோவிந்தன் என்னைப் பார்த்து நாலடி பின்னால் போனார். "வந்தது சந்தோசம் மச்சான். ஆனா அங்கேயே நில்லு."

"இன்னாய்யா?"

"உனக்கு அணு பட்டுடுச்சாமே. விழுப்புரம் பூராப் பேசிக்கினு இருக்காங்க. ரஷ்யாவுல நடந்தது பேப்பர்ல வந்துச்சில்ல? கொழந்தைய எப்டி உன் மடியில குடுக்கறது? ஒட்டிக்கினா?"

நான் சட்டைப் பையிலிருந்து அத்தாட்சியை எடுத்து நீட்டினேன். அவர் வாங்காமல் எட்டியே பார்த்தார். "இது இன்னா பாசை? அணு இருக்குதுன்னு எழுதியிருக்கா, இல்லன்னு எழுதியிருக்கா?"

"இல்லன்னுதான்யா!"

"நீ சொல்ற. தாளு சொல்லலியே."

மூன்று தடவை குளித்ததைச் சொன்னேன். "ஒண்ணுமே இல்லாதவன மூணு தபா எதுக்குக் குளிப்பாட்டுனான்?" என்று பங்காளி பாயிலிருந்தே கேட்டார். மடியை அவர் சுருக்கவில்லை. மஞ்சள் கதையைச் சொன்னேன். கூடியிருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மஞ்சளைப் பார்த்து ஒரு தேசமே பயந்தது என்றால், மஞ்சள் விற்கிற சந்நிதியில் யார் நம்புவார்கள்? அங்கே சஃப்ரான் என்று சொல்லி நம்பவில்லை. இங்கே மஞ்சள் என்று சரியாகவே சொன்னேன், அதையும் நம்பவில்லை.

ஆசாரி ஊசியைத் துடைத்தார். "நேரம் போவுது. எந்த மடின்னு சொல்லுங்க."

பங்காளி கையை நீட்டினார். இத்தனை தூரம் பறந்து வந்து, நாலடி தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிற மாமனாகப் போகிறேனே என்று நினைத்தேன். அம்மனைப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னது செல்வி. கும்பலுக்குள்ளிருந்து வந்தாள், குழந்தையை இடுப்பில் தூக்கினாள், என் கையைப் பிடித்து இழுத்துப் பாயில் உட்கார வைத்தாள்.

"பங்காளி, எழுந்திருங்க. எங்க அண்ணன் வந்திருக்குது."

"ஏ செல்வி, யோசிச்சு..." என்றார் மச்சான்.

"ரெண்டு வருசமா யோசிச்சாச்சு. அணுவோ குணுவோ, வந்தா எனக்கும் வரட்டும். நானும்தான் கையப் புடிச்சேன். நீ வேணும்னா இன்னும் நாலடி தள்ளி நில்லு."

அமுதாவை என் மடியில் வைத்தாள். முன்பின் பார்க்காத மாமனைக் குழந்தை சந்தேகமாகத்தான் பார்த்தது. மொட்டைத் தலையை என் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். மண்டபமே அதிர அலறினாள். இன்னொரு காதையும் குத்தி முடித்தபோது என் வேட்டி சூடாக நனைந்தது. பாய் வரைக்கும் ஓடியது.

பிறகு நாலடி தள்ளி நின்ற மச்சான் மெதுவாகக் கிட்டே வந்தார், குனிந்து பார்த்தார், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"போச்சு மச்சான்," என்றார் என் தோளில் கையைப் போட்டு. "என் பொண்ணு கழுவிட்டா. இதுக்கு மேல எந்த அணு நிக்கும்? எழுந்து வா, என் வேட்டி ஒண்ணு இருக்குது, கட்டிக்கினு சாப்பிட ஒக்காரு."